‘வாரேன்’ சொல்லாமல் போனவர்கள்

போன மாதம் ஒரு வீட்டிலிருந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே விட்டார்கள்.

நான் செய்த குற்றம்? ஒரு கேள்வி கேட்டேன். நாலே வார்த்தை.

“அண்ணே, செத்துப்போகணும்னு தோணுதா ஒங்களுக்கு?”

கூடத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர் மடித்த கையோடு அப்படியே இருந்துவிட்டார். அடுப்படியில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. அடுத்த நிமிஷம் அந்த வீட்டு மைத்துனர் அந்தோணி என் கையைப் பிடித்துவிட்டார். வாசல், முருங்கை மரம், தெரு... மூன்றையும் நான் பின்பக்கமாகவே நடந்து கடந்தேன்.

“படிச்ச ஆளு பேசுற பேச்சாய்யா இது? நெனைக்காதவரையும் நீ நெனைக்க வச்சிருவ போலிருக்கே!”

“அவரு நெனைக்கலைன்னா எதுக்குங்க தெனம் நாலு பேரு காவல் படுக்குறீங்க?”

அந்தோணிக்குக் கோபம்தான் வந்தது. இன்னும் ஒரு தள்ளு தள்ளினார்.

எட்டுப் பேர் முன்னால் கேட்டது என் தப்பு. ஒத்துக்கொள்கிறேன். எனக்கு அவசரம் ஜாஸ்தி. இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிற உங்களுக்கு அது தெரியும். ஆனால் கேட்டது தப்பா? இல்லை. இன்றைக்கும் சொல்கிறேன் - இல்லை. நாளைக்கு இன்னொரு வீட்டிலும் கேட்பேன். தள்ளுகிறவர்கள் தள்ளிக்கொள்ளட்டும்.

“இதையெல்லாம் எழுதணுமா? போன வாரம் மாதிரி கம்போஸ்ட் குழியைப் பற்றி எழுதேன்” என்றார் பத்திரிகை ஆசிரியர். கம்போஸ்ட் குழி எங்கேயும் ஓடிவிடாது சார். இது ஓடிவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த வீட்டுக்காரர் சவரிமுத்து. பூர்வீகம் ஆவூர். எங்கள் குன்றாண்டார்கோவிலுக்குக் குடிவந்து வெகுகாலம் ஆகிறது. வயது நாற்பத்திரண்டு. கீரனூரிலிருந்து எங்கள் ஊர் வழியாகப் போகும் ஒரு தனியார் பஸ்ஸுக்குப் பதினெட்டு வருஷமாக டிரைவர். அந்த பஸ் வருவதைப் பார்த்து உலை வைக்கிற வீடுகள் எங்கள் ஊரில் உண்டு. பெயரை மாற்றியிருக்கிறேன். அவரிடம் காட்டி அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். “பேரை மாத்திக்க. வாட்சை மட்டும் மாத்தாம எழுது” என்றார். வாட்ச் பின்னால் வருகிறது.

நான் இங்கே கிராம சேவக் - உரக்குழி, நடவு என்று அரசாங்கத் திட்டங்களை ஊருக்குச் சொல்கிற ஆள். எங்கள் ஆபீஸில் ஊராட்சி ஒன்றியம் என்று போர்டு மாறியும் ஜனங்களுக்கு அது இன்னும் பிளாக் ஆபீஸ்தான். ஒரு சைக்கிள், ஒரு பை நிறைய நிரப்பவேண்டிய பாரங்கள், ஒரு பி.ஏ. - இதுதான் என் ஆஸ்தி.

ஏழு மாதத்துக்கு முன்னால், ஊருக்கு வெளியே பாறை ஓரமாகத் திரும்புகிற வளைவில், சவரிமுத்து அண்ணனின் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு சைக்கிள் சரளையில் சறுக்கியது. சைக்கிளில் வந்தவர் இளைஞர். பிழைக்கவில்லை. விசாரணை நடந்தது. டிரைவர் மேல் குற்றமில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள்.

காகிதம் அவரை விட்டுவிட்டது. அவர்தான் தன்னை விடவில்லை.

வேலைக்குப் போவது நின்றது. பிறகு பேச்சு நின்றது. பிறகு ஒரு நாள் மனைவி ஆரோக்கியத்திடம், “நான் இல்லாட்டி நீங்கள்லாம் நிம்மதியா இருப்பீங்க” என்றாராம். ஒரு வாரம் கழித்து அதையே மறுபடியும் சொன்னாராம். அதற்கடுத்த நாள், பதினெட்டு வருஷம் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த பித்தளை வெற்றிலைப் பெட்டியை எடுத்து, “நீ வச்சுக்க மாப்ளே” என்று அந்தோணி கையில் கொடுத்தார்.

அந்தோணி பயந்துவிட்டார். பயந்தது சரி. அந்தப் பயத்துக்கு நான் சலாம் வைக்கிறேன்.

ஆனால் பயந்த ஊர் என்ன செய்தது?

எங்கள் ஊரைப் போல அன்பான ஊர் இல்லை. அதுதான் சிக்கலே! ஆளாளுக்கு ஒரு மருந்தோடு வந்தார்கள். ஆவூர் மாதா கோவிலில் பூசைக்குக் காணிக்கை கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு முத்துக்கருப்பன் விராலிமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டார் - “எந்தச் சாமி கேட்டா என்ன, மனுசன் எந்திரிச்சாச் சரி” என்று. இருட்டினால் நாலு பேர் பாயைச் சுருட்டிக்கொண்டு காவல் படுக்க வந்தார்கள். காக்கிச் சட்டையைக் கண்ணில் படாமல் ஒளித்தார்கள். விபத்துப் பேச்சை யாரும் எடுக்கக்கூடாது என்று கட்டுப்பாடு. கைக்கடிகாரத்தைக்கூட விடவில்லை. நேரம் பார்த்தால் பஸ் ஞாபகம் வருமாம். கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டார்கள்.

காலையில் ஆட்கள் வருவார்கள். வந்து உட்காருவார்கள். கூரையைப் பார்ப்பார்கள். பெருமூச்சு விடுவார்கள். எழுந்து போவார்கள். நானும் ஒரு நாள் போய் அப்படியே உட்கார்ந்தேன், கூரையைப் பார்த்தேன், வந்துவிட்டேன். அந்த வீட்டுக் கூரையில் எத்தனை ஓடு உடைந்திருக்கிறது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். சவரிமுத்துவுக்குள் என்ன உடைந்திருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

அதனால்தான் இரண்டாம் தடவை போனபோது கேட்டுவிட்டேன். தெருவுக்கு வந்து சேர்ந்தேன்.

இப்போது தெருவிலிருந்து தொடர்கிறேன். அந்தோணி மூன்றாவது தள்ளுக்குக் கையை ஓங்கும்போது உள்ளேயிருந்து ஒரு குரல்.

“மாப்ளே... அந்தத் தம்பியை விடு. இத்தனை பேரு வந்தீங்க. அவன் ஒருத்தன்தான் என்னையக் கேட்டான்.”

சவரிமுத்து அண்ணன் வாசலில் நின்றார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். “வா, கம்மாப் பக்கம் போவம்” என்றார்.

பின்னாலேயே எட்டுப் பேரும் கிளம்பினார்கள். அண்ணன் திரும்பிப் பார்த்தார். “ஊர்வலமா? தூக்கிட்டுத்தான் போகணுமா? நடந்தே போறேன், விடுங்க.” எட்டுப் பேரும் நின்றுவிட்டார்கள்.

கண்மாய்க் கரையில் உட்கார்ந்தோம். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையிலேயே கஷ்டமான காரியம் அது.

“தோணுது” என்றார்.

என் கேள்விக்குப் பதில். அதைச் சொன்னதும் அவர் தோள் இரண்டும் இறங்கின - தலைச்சுமையை இறக்கி வைத்தவர் தோள் மாதிரி. நெனைக்காதவரை நான் நெனைக்க வைத்தேனா? இல்லை சாமி. நெனைத்துக்கொண்டே இருந்தவரைச் சொல்ல வைத்தேன். இரண்டும் வேறு.

“வீரையா” என்றார் அடுத்து. “அந்தப் பையன் பேரு வீரையா. சைக்கிள்ல பின்னாடி புதுப் பாய் ஒண்ணு கட்டியிருந்தான். அந்தப் பேரை ஆறு மாசமா நான் வாய்விட்டுச் சொல்லலை தம்பி. வாயைத் தொறந்தா, அதை விடுங்க, அதை மறங்கன்னு அடக்கிப்புடுறாங்க. எப்புடி மறக்குறது? மறந்தா நான் மனுசனா?”

ஒரு மணி நேரம் பேசினார். வளைவு, சரளை, பிரேக், பாய். நான் ஆறுதல் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. கேட்டுக்கொண்டேயிருந்தேன்.

கடைசியில் ஒன்று சொன்னார். 

“வீட்டுக்கு வர்ற ஆளுகளைக் கவனிச்சியா? எந்திரிக்கிறாங்க. துண்டை ஒதறித் தோள்ல போடுறாங்க. செருப்பை மாட்டுறாங்க. போயிடுறாங்க. ஒரு ஆளு... ஒரே ஒரு ஆளு, ‘வாரேன்’னு சொல்லிட்டுப் போகலை. எழவு வீட்டுலதானே தம்பி அப்புடிப் போவாங்க? அப்ப எனக்கு என்ன அர்த்தம்? எல்லாரும் எனக்குத் துக்கம் கேட்டுட்டுப் போறாங்க. நான் இன்னும் போகாம ஒக்காந்திருக்கேன். அவ்வளவுதானே?”

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். துக்க வீட்டில் ‘போய்ட்டு வாரேன்’ என்று யாரும் சொல்வதில்லை. அங்கே மறுபடி வர நேரக்கூடாது என்பதற்காக. நல்ல வழக்கம்தான். ஆனால் பாருங்கள், எங்கள் ஊர் அந்த வீட்டு வாசலில் கால் வைத்ததும், அழுத முகங்களைக் கண்டதும், தன்னை அறியாமலே அந்த வழக்கத்துக்குள் நுழைந்துவிட்டது! உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு ஊரே கூடித் துக்கம் விசாரித்திருக்கிறது. யாராவது வேண்டுமென்று செய்தார்களா? கிடையாது. அத்தனையும் அன்பு. அந்த அன்பு ஒரு மனுஷனை ஒவ்வொரு நாளாக வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது.

“நீயும்தான்” என்றார் அண்ணன். “மொத தடவை வந்தப்ப நீயும் சொல்லலை.”

ஆமாம். நானும்தான்.

வெட்கத்தை மறைக்க அடுத்த கேள்விக்குத் தாவினேன். “எந்த நேரம்ணே ரொம்ப மோசம்? ராத்திரியா?”

முதல் முறையாகச் சிரித்தார். “ராத்திரியா? ராத்திரி நான் தூங்கிருவேன்யா. காவலுக்கு வர்றவங்க விடுற கொறட்டைதான் தாங்க முடியலை.”

“அப்ப எப்ப?”

சிரிப்பு போய்விட்டது. “மூணே முக்கால்.”

சாயந்தரம் மூணே முக்கால்! அவருடைய பழைய பஸ் அந்த வளைவுக்கு வருகிற நேரம். புது டிரைவர் வளைவில் ஹாரனை அமுக்குவார். கண்மாய் தாண்டி, தெரு தாண்டி, அந்தச் சத்தம் நேரே இவர் நெஞ்சில் வந்து நிற்கும். கடிகாரத்தைப் பிடுங்கியதால் அது எப்போது வரும் என்றுகூடத் தெரியாது. மத்தியானத்திலிருந்தே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள்? எவரும் இல்லை. ஆண்கள் வயலில். ஆரோக்கியம் அக்கா தண்ணீருக்கு. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில்.

ஊர் முழுக்கக் காவல் இருந்தது - ஆபத்தில்லாத நேரத்தில். யாராவது அவரைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்!

அந்த நேரத்தில் என்ன செய்யத் தோன்றும் என்பதையும் சொன்னார். அதை எழுத மாட்டேன். அது உங்களுக்கு வேண்டாத சமாச்சாரம். அதற்கான பொருள் எது வீட்டில் இருந்ததோ, அதை அன்றைக்கே அவர் கையாலேயே அந்தோணியிடம் எடுத்துக் கொடுத்தார். பிடுங்கவில்லை, அவரே கொடுத்தார். அந்தோணி அதை வாங்கும்போது அழுதுவிட்டார். 

அன்று கிளம்பும்போது வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன்: “நாளைக்கு வாரேன்ணே!”

அடுத்த நாள் நான் செய்த அசட்டுத்தனத்தையும் கேளுங்கள். ஆபீஸ் டைப்ரைட்டரில் பத்து அம்சத் திட்டம் ஒன்று அடித்துக்கொண்டு போனேன். கார்பன் காப்பியோடு! ஒன்று, அதிகாலை எழுதல். இரண்டு, தேகப்பயிற்சி. மூன்று, நல்ல நூல்களைப் படித்தல். நான்கு, தீய எண்ணங்களை அகற்றல்... என்னைச் சொல்லிக் குற்றமில்லை. பாரங்களோடு வாழ்கிற ஜீவன்.

அண்ணன் பொறுமையாகப் படித்தார். “எழுத்து அழகா விழுந்திருக்கு” என்றார். காகிதத்தைத் திருப்பினார். பென்சில் கேட்டார். பின்பக்கத்தில் கோடு போட ஆரம்பித்தார்.

அவர் வரைந்தது டிரிப் ஷீட். பஸ் டிரைவர்கள் வைத்திருப்பார்களே, எத்தனை மணிக்கு எந்த ஸ்டாப் என்று - அது. ஊர்ப் பெயர்கள் இருக்கவேண்டிய இடத்தில் ஆட்களின் பெயர்களை எழுதினார். காலையில் இன்னார் வீட்டு மாட்டுக்குத் தண்ணி. பதினோரு மணிக்குத் தபால் ஆபீஸ் வரை நடை. மூன்றரையிலிருந்து நாலேகால் வரை ஒரே ஸ்டாப்: எங்கள் ஆபீஸ் கொட்டகை. அங்கே ‘உபயோகமற்றது’ என்று சீட்டு ஒட்டி ஒரு ஆயில் இன்ஜின் தூங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிரிக்கப்போகிறாராம்.

“கையில வேலை இருக்கணும். பக்கத்துல ஒரு ஆளு இருக்கணும். ஸ்பேனர் எடுத்துக் குடுக்கலாம். அட்வைஸ் குடுக்கக்கூடாது. எழுதிக்க.”

எழுதிக்கொண்டேன்.

“கொஞ்ச நாளைக்கு ஆவூர்ல போய் இருந்துக்கலாமே மச்சான்? ஹாரனே கேக்காதே” என்றார் அந்தோணி.

“அங்கிட்டுப் போனா இன்னும் பலமாக் கேக்கும் மாப்ளே. இங்க கேட்டா பஸ்ஸு போயிருச்சுன்னு தெரியும். அங்க அது போகவே போகாது.”

இதை எந்தப் பத்து அம்சத் திட்டம் சொல்லும்?

ஷீட்டின் அடியில் ‘பிரேக் டவுன்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டார். “வண்டி நடுவழியில நின்னா டிரைவர் என்ன செய்வான்? இறங்கி ஓடிப்போவானா? பாசஞ்சரை விட்டுட்டுப் போவானா? ஷெட்டுக்கு ஆள் அனுப்புவான். எனக்கு ஷெட்டு யாருன்னு எழுதி வச்சுக்கிறேன்.” முதலில் ஆரோக்கியம். இல்லையென்றால் நான். நானும் இல்லையென்றால் டீக்கடை கருப்பையா. அதற்கும் மேலே புதுக்கோட்டை ஆஸ்பத்திரி டாக்டர். அவரைப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை போய்ப் பார்ப்பதென்றும் ஒப்புக்கொண்டார்.

“சூடு ஏறுதுன்னு எப்புடிண்ணே தெரியும்?” என்று கேட்டேன். “இன்ஜினுக்காவது மீட்டர் இருக்கு.”

“எனக்கும் இருக்கு. வெத்தலை வேணாம்னு தோணும். அன்னைக்குக் கண்டிசன் சரியில்லைன்னு அர்த்தம்.”

அந்தோணி எழுந்தார். வெளியே போனார். கால் மணி நேரத்தில் பித்தளைப் பெட்டியோடு வந்து அண்ணன் மடியில் வைத்தார்.

எல்லாம் முடிந்ததென்று நினைத்தபோது அண்ணன் இடது மணிக்கட்டைத் தடவினார். “டிரிப் ஷீட்டு இருக்கு. டயம் பாக்க வாட்ச்சு?”

கடிகாரம் இருந்தால் மூணே முக்காலும் தெரியுமே! எல்லாரும் ஆரோக்கியம் அக்காவைப் பார்த்தோம். அக்கா கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“குடுத்தா, என்னைய ஏமாத்த மாட்டீகளே?”

“மாட்டேன்னு சத்தியம் பண்ண எனக்குத் தெம்பில்லை ஆரோக்கியம். வெத்தலை வேணாம்னா மொத ஒன்கிட்டச் சொல்லுவேன். அது மட்டும் முடியும்.”

அக்கா உள்ளே போனார். அரிசி அளைகிற சத்தம் கேட்டது. வந்து, முந்தானையில் துடைத்து, தன் கையாலேயே அவர் கையில் கட்டிவிட்டார். சாவி கொடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார் அண்ணன். ஓடியது.

சுபம் போட்டுவிடலாம்தான். போட விடாமல் நடுவில் நான் வந்தேனே!

மூன்று வாரம் ஷீட் பிசகாமல் ஓடியது. நாலாவது வாரம் வியாழக்கிழமை. கீரனூரில் ஒரு கூட்டம். உரக் குழிகளின் எண்ணிக்கையைப் பற்றி காலையில் ஆரம்பித்த பேச்சு மத்தியானம் தாண்டியும் முடியவில்லை. கிளம்பிப் பாதி தூரம் வந்ததும் சட்டைப் பையில் ஏதோ குத்தியது.

கொட்டகைச் சாவி.

மணி மூன்று இருபது. அந்தோணி விராலிமலைக்குப் போயிருந்தார். அக்கா ஆவூருக்கு, தங்கச்சி பிரசவத்துக்கு. அன்றைக்குத் துணை நான் மட்டும்தான். ‘வாரேன்’ என்று சத்தமாகச் சொன்னவன்!

அந்தச் செம்மண் ரோட்டில் நான் சைக்கிளை மிதித்த மிதி இருக்கிறதே... வழியில் அந்த பஸ் என்னைத் தாண்டியது. புழுதிக்குள் மிதித்தேன். வளைவில் ஹாரன் கேட்டது. நான் இன்னும் ஊருக்கு வெளியே இருந்தேன். ஆறு மாதமாக அவருக்கு அந்தச் சத்தம் எப்படிக் கேட்டிருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கொட்டகை பூட்டியிருந்தது. வாசலில் ஆள் இல்லை. மண்ணில் செருப்புத் தடம் மட்டும், போய்ப் போய்த் திரும்பியது போல. வீட்டுக்கு ஓடினேன். கதவு சாத்தியிருந்தது. கூப்பிட்டேன். பதில் இல்லை. கண்மாய்க் கரைக்கு ஓடினேன். “அண்ணே! அண்ணே!” என்று நான் போட்ட சத்தத்தில் மாடு மேய்த்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

“யாரைத் தேடுறீங்க? டிரைவரையா? டீக்கடையில நிக்கிறாரு!”

டீக்கடைக்குப் போனேன். பாய்லருக்குப் பக்கத்தில், வியர்க்க விறுவிறுக்க, விசிறியால் கரியை விசிறிக்கொண்டு நின்றார் சவரிமுத்து அண்ணன். கண் சிவந்திருந்தது. விசிறி நிற்கவில்லை.

கருப்பையா என் காதில் சொன்னார்: “வந்தாரு. ‘வண்டி நின்னுபோச்சு கருப்பையா’ன்னாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கலை. ஆனா அன்னைக்கே சொல்லியிருந்தாரு, இப்புடிச் சொன்னா ஒண்ணும் கேக்காத, கையில எதையாவது குடுன்னு. விசிறியைக் குடுத்துட்டேன். கடையில வெந்நி கொதிக்குதோ இல்லையோ, கரி பூராவும் காலி.”

அண்ணன் என்னைப் பார்த்தார். இடது கையைத் திருப்பி மணியைப் பார்த்தார்.

“முப்பத்தேழு நிமிசம் லேட்டு.”

நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன் - அழுதேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். அவர்தான் எனக்கு வாங்கிக் கொடுத்தார்.

நான் தவறியும் அவருடைய ஷீட் தவறவில்லை. ஏனென்றால் அது அவர் போட்ட ஷீட். டைப் அடித்த என் பத்து அம்சத்தில் தேகப்பயிற்சி உண்டு. கருப்பையாவின் விசிறி கிடையாது.

இந்த இடத்தில்தான் எங்கள் மேலதிகாரிக்கு விஷயம் எட்டியது. நல்ல மனிதர். உற்சாகமாகிவிட்டார். “பிரமாதம்யா! அந்த டிரிப் ஷீட்டைக் கொடு. சைக்ளோஸ்டைல் பண்ணி எல்லா கிராமத்துக்கும் அனுப்பிடுவோம்.”

கொடுக்க மாட்டேன் என்றேன்.

“ஏன்யா?”

“சார், போன வருஷம் நாம எல்லா ஊருக்கும் ஒரே நடவு முறையைச் சொன்னோம். கண்மாய்ப் பாசனத்துல நல்லா வந்துச்சு. செம்பாறை மண்ணுல கருகிப்போச்சு. மண்ணுக்கே எடத்துக்கொரு பக்குவம் வேணும்னா மனுஷனுக்கு வேணாமா?”

முறைத்தார். முறைக்கட்டும். நாளைக்குக் கருப்பையாவுக்கு மனசு விட்டுப்போனால் ஆயில் இன்ஜின் எதற்கு ஆகும்? அவருக்கு நாலு பேர் சத்தம் வேண்டும். இன்னொருவருக்குச் சத்தமே ஆகாது. ஒருவருக்கு ஊரை விட்டுப் போவதுதான் மருந்து. சவரிமுத்துவுக்கு ஊரிலேயே இருப்பது. ஒருவருக்கு ஆபத்து ராத்திரியில், இவருக்குச் சாயந்தரம். ஒரு பாரத்தை நூறு காப்பி எடுத்து நூறு பேர் உயிரைக் கட்டிப்போட முடியுமா? சாகப் பார்த்துப் பிழைத்தவனைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுக்கிற சட்டம் ஒன்று இருக்கிறதே நம்மிடம், அதுவும் இப்படித்தான். எல்லாருக்கும் ஒரே பாரம். கிணற்றில் விழுந்து கரையேறியவனை, ஏன் விழுந்தாய் என்று மறுபடி தள்ளுகிற சட்டம். நான் அரசாங்கச் சம்பளக்காரன், இதை எழுதக்கூடாதாம். எழுதிவிட்டேன்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒருவர் திடீரென்று பேச்சை நிறுத்தினால், ஆசையாக வைத்திருந்ததைத் தூக்கிக் கொடுத்தால், நானில்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி என்றால் - கூரையைப் பார்க்காதீர்கள். அவரைப் பாருங்கள். கேளுங்கள், தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். எந்த நேரம் தாங்க முடியவில்லை, யார் பக்கத்தில் இருந்தால் தாங்குகிறது என்று அவர் வாயால் சொல்லட்டும். டாக்டரிடம் கூட்டிப்போங்கள். கிளம்பும்போது என்றைக்கு வருவீர்கள் என்பதைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சொன்னால் வாருங்கள். சாவியை ஆபீஸில் வைத்துவிட்டு வெளியூர் போங்கள்!

சவரிமுத்து அண்ணன் சரியாகிவிட்டாரா என்று கேட்பீர்கள். வெற்றிலை வேண்டாத நாட்கள் இன்னும் வருகின்றன. போன வாரம்கூட ஒரு நாள் வந்தது. வீரையா பெயரை வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்கிறார். நாங்கள் யாரும் தடுப்பதில்லை. இன்ஜின் மட்டும் சரியாகிவிட்டது. அதைக் கிளப்பினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. ஹாரன் எங்கே கேட்கிறது!

நேற்று என் அறைக்கு வந்திருந்தார். இந்தப் பத்தியை வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னார். வெற்றிலை போட்டார். எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். செருப்பை மாட்டினார். நான் அவர் வாயையே பார்த்தேன்.

“வாரேன் தம்பி” என்றார்.

“எப்ப?” என்றேன், விடாமல்.

மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். “புதன்கிழமை. மூணே முக்கால்.”

வரட்டும். ஒரு நிமிஷம் லேட்டானாலும் திட்டுவேன் - நான் அவருக்கு முப்பத்தேழு நிமிஷம் கடன்பட்டிருந்தாலும்!